காலமானவர் உறுதிசெய்ய வேண்டும்

எஸ்தெலா மொந்தெக்ளாரோவுக்குப் போன் செய்து வீட்டில் ஒருவர் இறந்துவிட்டதாகச் சொன்னால், முன்பெல்லாம் அவள் இரண்டே கேள்விதான் கேட்பாள். வீடு எங்கே, வண்டி உள்ளே வருமா. பதில் கிடைத்ததும் ஜன்னலைத் திறந்து, கீழே முற்றத்தில் நிற்கும் டிரைவர் பாப்லிங்கைக் கூப்பிடுவாள். அவர் வாயிலிருக்கும் ரொட்டியைக் காப்பியோடு விழுங்கிவிட்டு அமரர் ஊர்தியைக் கிளப்புவார். சவப்பெட்டி, உடலுக்கு மருந்து ஏற்றுகிற ஆள், உயரமான விளக்குகள், பூத்தாங்கிகள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் துக்கவீட்டில் இறங்கிவிடும். இதற்குப் பெயர் வாடிக்கையாளர் உறவு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளும் அதை வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இலோஇலோ நகரத்தில் நித்திய நிழல் நிறுவனத்தைத் தெரியாதவர்கள் குறைவு. உயிரோடு இருக்கும்போதே மாதாமாதம் கொஞ்சம் கட்டி வந்தால், போகிற நாளில் மற்றதையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஊரில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளையாவது கப்பலில் இருக்கும். பிள்ளை எந்தக் கடலில் இருந்தாலும் வந்து முகம் பார்க்கும்வரை தகப்பனைக் கெடாமல் கிடத்தி வைத்திருக்க வேண்டும். அதற்காகவே ஜீப்னி என்கிற சிறு பஸ் ஓட்டுகிறவர்களும் மீன் விற்கிறவர்களும் திட்டத்தில் சேர்ந்தார்கள். சாப்பாட்டில் குறைத்தாலும் இதில் குறைக்க மாட்டார்கள்.

துணைத் தலைவர் வியோலெத்தா ஹினோலான் ஒரு மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் போய்விட்டு வந்தார். போகும்போது அவருக்கு நிறுவனத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. திரும்பி வந்தபோது, இந்த நிறுவனத்துக்கும் அதன் வாடிக்கையாளர்களுக்கும் நடுவில் உறவே கிடையாது என்று கண்டுபிடித்திருந்தார். உறவு வேண்டுமென்றால் அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் மணிலாவிலிருந்து வந்தது. கூடவே அதைப் பொருத்தித் தர ரைனியர் என்ற ஆலோசகரும் வந்தார். மென்பொருளுக்குப் பலங்கா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பேச்சில் செல்லம் என்று அர்த்தம். குழந்தையை அப்படிக் கூப்பிடுவோம், புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவார்கள். சவப்பெட்டி கேட்டு எழுதும் திரைக்கும் அதே பெயர்.

ரைனியர் இளைஞர். குளிர்சாதன அறையில் கையில்லாத குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நடுங்காமல் பேசுவார். ஊழியர்களை உட்காரவைத்துத் திரையில் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். இடது பெட்டிக்கு மேல் 'இப்படி இருந்தால்' என்றும் வலது பெட்டிக்கு மேல் 'அப்படிச் செய்' என்றும் எழுதியிருந்தது. இடதில் ஒன்றையும் வலதில் ஒன்றையும் நிரப்பினால் அது ஒரு விதி. முன்பெல்லாம் ஒரு விதியை மாற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் வேண்டும், இனி யார் வேண்டுமானாலும் தன் கையாலேயே மாற்றலாம், இது ஒரு விடுதலை என்றார். பிறகு யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. பேச்சு நின்றால் தர்மசங்கடப்படுகிற பழக்கம் எஸ்தெலாவுக்கு உண்டு. அவள்தான் கையைத் தூக்கினாள்.

"போன் வந்தா வண்டி போகணும், சார்."

எல்லோரும் சிரித்தார்கள். ரைனியர் சிரிக்கவில்லை. அருமை என்றார். போன் யாரிடமிருந்து, எந்த வண்டி, போவது என்றால் எது போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த ஒரு வரி சுவரை நிறைத்து, கதவின் மேலும் ஏறிவிட்டது. அன்று மாலை எஸ்தெலாவுக்கு விதி உரிமையாளர் என்ற பதவி தரப்பட்டது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஊதா நாடாவில் அட்டை கொடுத்தார்கள். சம்பளம் பழையதுதான்.

விடுதலை கிடைத்ததும் ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்கு விதி போட ஆரம்பித்தது. விற்பனைப் பிரிவு எல்லா வாடிக்கையாளருக்கும் பிறந்தநாள் வாழ்த்துப் போகும்படி ஒரு விதி போட்டது. இறந்துபோன ஒருவருக்கு, இன்னும் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துப் போய்ச் சேர்ந்தது. குடும்பம் சண்டைக்கு வந்தது. உடனே நன்மதிப்புப் பிரிவு, காலமானவர் என்று குறிக்கப்பட்டவரின் போனுக்கு எந்தச் செய்தியும் போகக் கூடாது என்று விதி போட்டது. சட்டப் பிரிவுக்கு ஒரு பழைய வருத்தம் இருந்தது. எப்போதோ ஒரு பெண், உயிரோடு இருந்த புருஷனுக்குப் பெட்டி வாங்கி வேறொருவருக்கு விற்றுவிட்டாளாம். அதனால், சேவை கேட்டு யார் பேசினாலும் வாடிக்கையாளரின் சொந்தப் போனுக்கு ஓடிபி அனுப்பி, அவர் அதை உறுதிசெய்த பிறகே எதுவும் நகர வேண்டும் என்று அவர்கள் விதி போட்டார்கள். உறுதிசெய்யப்படாத தகவல் மறுநாள் தானாகவே பழையபடி மாறிவிடும்.

எஸ்தெலா இந்த இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்த்தாள். தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்து ரைனியரிடம் போய்க் கேட்டாள். இறந்தவருக்கு எதுவும் அனுப்பக் கூடாது என்றால் ஓடிபி மட்டும் எப்படிப் போகும்?

ரைனியர் பொறுமையாகச் சொன்னார். "அது அபூர்வமா வர்ற கேஸ், மேடம். அதையெல்லாம் முதல் கட்டத்துல எடுத்துக்க மாட்டோம்."

"எது சார் அபூர்வம்?"

"வாடிக்கையாளர் செத்துப்போறது."

அவள் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். நிறுவனத்தின் ஊர்திகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

தொடக்க விழாவுக்குப் பங்குச் சாமியார் வந்து கம்ப்யூட்டர்களின் மேல் தீர்த்தம் தெளித்தார். முழுப்பன்றி வறுவல் மேசையில் வாய் பிளந்து படுத்திருந்தது. வியோலெத்தா மேடம் மைக்கைப் பிடித்தார்.

"மத்த கம்பெனிங்க சவப்பெட்டி விக்கறாங்க. நாம உறவை விக்கறோம். பெட்டிங்கறது அந்த உறவுல நடுவுல வந்து போற ஒரு கட்டம், அவ்வளவுதான். இனிமே இங்க யாரும் யோசிச்சு முடிவெடுக்க வேண்டியதில்ல. மனுஷன் யோசிச்சா இரக்கம் வரும். இரக்கம் வந்தா ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். செல்லத்துக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

கைதட்டல் அடங்கியதும் பன்றியின் மொறுமொறுப்பான தோலுக்குக் கூட்டம் நெருக்கியடித்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அரெவாலோவிலிருந்து போன் வந்தது. ஜெனலின் என்ற பெண். அப்பா கிரிசாந்தோ பல்மோஸ் விடியற்காலையில் இறந்துவிட்டார். ஜீப்னி ஓட்டியவர். திட்டம் ஆரம்பித்த காலத்திலிருந்து ஒரு தவணை தவறாமல் கட்டியவர். ஒரே பையன் ஜோமார் சரக்குக் கப்பலில் பிரேசில் பக்கம் இருக்கிறான். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதாகக் கப்பல்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்து சேர ஒரு வாரம் ஆகலாம்.

"அண்ணன் வர்ற வரைக்கும் அப்பாவை வெச்சிருக்கணும், மேடம். அதுக்குத்தானே அவரு கட்டிக்கிட்டே வந்தாரு," என்றாள் ஜெனலின்.

எஸ்தெலா பழக்கதோஷத்தில் வீடு எங்கே, வண்டி உள்ளே வருமா என்று கேட்டுவிட்டாள். அப்புறம்தான் திரை ஞாபகம் வந்தது. வாடிக்கையாளரின் நிலை என்ற இடத்தில் காலமானார் என்று அழுத்தினாள். திரை மெல்லச் சாம்பல் நிறமானது. ஒரு புறா பறந்தது. உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று எழுத்து வந்தது. அதன் கீழே, தொடர்வதற்கு வாடிக்கையாளர் தம் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், வாடிக்கையாளர் காலமானதால் ஓடிபி அனுப்பப்படவில்லை என்றிருந்தது.

ரைனியர் மணிலாவுக்குத் திரும்பியிருந்தார். எஸ்தெலா போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். இரண்டு விதியும் முதல் வாரத்திலேயே சரியாக வேலை செய்கின்றனவே என்றார். வண்டி போகவில்லையே என்றாள் அவள். வண்டி போகாதது விதியின் குற்றம் அல்ல, விதி தன்னிடம் சொன்னதைத்தான் செய்யும் என்றார். யார் சொன்னது என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல, மேடம். அது அப்படி அமைஞ்சிருக்கு. ஆனா நீங்கதான் உரிமையாளர். நீங்களே மாத்திக்கலாம். அதுதானே இதோட அழகு."

அவள் மாற்றினாள். இடது பெட்டியில் வாடிக்கையாளர் காலமாகியிருந்தால் என்று எழுதினாள். வலது பெட்டியில் குடும்பத்தாரிடம் கேட்டு வண்டியை அனுப்பு என்று எழுதினாள். தன் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சேமி என்று அழுத்தினாள். புதிய விதி, விதிக்குழுவின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது என்று செல்லம் சொன்னது. குழு மாதக் கடைசியில் கூடும்.

மாடியேறி வியோலெத்தா மேடத்திடம் போனாள். மேடம் அவளை உட்காரச் சொல்லி, மாம்பழத் துண்டுகளை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. யாருடைய துக்கத்துக்கும் முதலில் பூ அனுப்புகிறவர் அவர்தான்.

"நீ கேக்கறது ஒரு வண்டி, எஸ்தெலா. ஒரு வண்டிய அனுப்பறது எனக்குப் பெரிய விஷயமா? ஆனா ஒருத்தருக்கு அனுப்பினா எல்லாருக்கும் அனுப்பணும்."

"எல்லாருக்கும்தான் மேடம் அனுப்பிக்கிட்டு இருந்தோம்."

"அதனாலதான் நம்மால வளர முடியல."

எஸ்தெலா ஒரு மாம்பழத் துண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சாப்பிடத் தோன்றாமல் பாப்லிங்கிடம் கொடுத்தாள். அவர் முற்றத்தில் ஊர்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போக ஆளில்லாததால் வண்டி பளபளவென்று இருந்தது.

"சும்மா ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன், மனோங். நான் பாத்துக்கறேன்," என்றாள். அவளுக்கு அவர் மனோங், அண்ணன்; அவருக்கு அவள் இந்தாய், தங்கை.

"வண்டிய எடுத்துடுவேன், இந்தாய். பெட்டி கிடங்குக்குள்ள இருக்கு. கிடங்குப் பூட்டு செல்லத்துக்கிட்ட இருக்கு. வெறும் வண்டிய துக்கவீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா அடிக்க வருவாங்க. மருந்து ஏத்தற பையனுக்கும் செல்லம் சொன்னாத்தான் அன்னிக்குக் கூலி." அவர் துணியைப் பிழிந்தார். "போன வாரம் கேள்வி கேட்டதுக்கு எனக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கு. அதுவும் செல்லம்தான் அனுப்பிச்சுது. கீழ ஒரு பூப்படம் போட்டிருந்துது."

மத்தியானத்துக்கு மேல் எஸ்தெலாவுக்கு ஒரு யோசனை வந்தது. காலமானார் என்பதை அழித்துவிட்டு, உயிரோடு இருக்கிறார் என்று மாற்றினாள். கிரிசாந்தோ பல்மோஸ் தானே தனக்கு இறுதிச் சேவை கேட்பதாக எழுதினாள். அரெவாலோவில், தலைமாட்டில் மெழுகுவர்த்தி பக்கத்தில் கிடந்த அவருடைய போன் சத்தம் போட்டது. ஜெனலின் எடுத்து எண்ணை வாசித்தாள். எஸ்தெலா அதை அழுத்தியதும் செல்லம் பச்சை நிறத்தில் சிரித்தது. ஒரு நிமிஷம், வேலை முடிந்துவிட்டது என்றே எஸ்தெலா நம்பினாள்.

நலப் பிரிவும் ஒரு விதி போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கும் வாடிக்கையாளர் தனக்கே உடனடியாக இறுதிச் சேவை கேட்டால், அவர் மனம் உடைந்திருக்கிறார் என்று பொருள். மூன்று நாள் எதையும் அனுப்பாமல், மன ஆலோசகரைப் பேச வை.

ஆலோசகர் ஃப்ளோர்தெலிசா என்ற மென்மையான குரல்காரி. அன்று சாயங்காலம் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவளுடைய போன் வந்தது. ஜெனலின் எடுத்தாள். திரு. பல்மோஸிடமே பேச வேண்டும் என்றாள் ஆலோசகர். அவர் பேச முடியாது என்றாள் ஜெனலின். பேச விருப்பமில்லையா என்று கேட்டாள் ஆலோசகர். இனிமேல் பேச மாட்டார் என்று ஜெனலின் சொல்லி அழுதாள். வாடிக்கையாளர் மௌனம் சாதிக்கிறார், குடும்பத்தார் பேச விடுவதில்லை, பின்னணியில் பலர் முணுமுணுக்கிறார்கள் என்று ஆலோசகர் எழுதினாள். எழுதியதைப் படித்த செல்லம், ஆபத்தான நிலை என்று சிவப்பு விளக்குப் போட்டது. நேரில் போய்ப் பார்க்க உத்தரவு பிறந்தது.

அந்த வீட்டுக்கு நிறுவனத்திலிருந்து ஒரு வண்டி கடைசியில் வரத்தான் செய்தது. மறுநாள் காலையில் ஃப்ளோர்தெலிசா அதிலிருந்து பழக்கூடையோடு இறங்கினாள்.

எஸ்தெலா அப்போது அங்கேதான் இருந்தாள். முந்தின நாள் மாலையே மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி வாங்கி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவள், அன்றும் வேலைக்குப் போகுமுன் ஒரு சுமை கொண்டுவந்திருந்தாள். கிரிசாந்தோவை மூங்கில் கட்டிலில் கிடத்தி, கீழே அலுமினியத் தொட்டிகளில் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். துக்கவீட்டு வழக்கப்படி சட்டையில்லாத நாலைந்து பேர் வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மே மாத வெயில். கட்டி வைக்கும்போதே உருகியது. அவருடைய மனைவி உர்சிங் யாரிடமும் பேசாமல் ஒரு துணியால் தரையில் ஓடிய தண்ணீரை ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

ஃப்ளோர்தெலிசா வாசற்படியில் நின்று கட்டிலைப் பார்த்தாள். பழக்கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் உட்கார்ந்து ஜெபித்தாள். எழுந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. எஸ்தெலாவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"நான் என்ன எழுதறது, மனாங்? செத்துட்டாருன்னு எழுதினா கோரிக்கையே விழுந்துடும். எனக்கு ரெண்டு விடைதான் குடுத்திருக்காங்க. உறுதியா இருக்காரு. இல்லன்னா அமைதியா இருக்காரு."

"ரெண்டுல எது நல்லது?"

"தெரியாதே. என்னைப் பயிற்சிக்கு அனுப்பினப்போ ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன்."

இரண்டு பெண்களும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகத்தைப் பார்த்தபின் வேறு எதையும் எழுத ஃப்ளோர்தெலிசாவுக்கு மனசு வரவில்லை. வாடிக்கையாளர் அமைதியாக இருக்கிறார் என்று அழுத்தினாள்.

செல்லத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வாடிக்கையாளர் மனம் மாறினார் என்று முடிவுகட்டிக் கோரிக்கையை ரத்து செய்தது. கொஞ்ச நேரத்தில் மெழுகுவர்த்தி பக்கத்திலிருந்த போன் மறுபடி சத்தம் போட்டது. எங்களோடு தொடர்ந்து இருக்க முடிவுசெய்ததற்கு நன்றி, கிரிசாந்தோ! உங்களுக்காக ஒரு சலுகை காத்திருக்கிறது.

ஜெனலின் படித்துவிட்டுப் போனை அணைத்து, அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள்.

புதன்கிழமை சீட்டாடுகிறவர்கள் தெருவுக்கு நகர்ந்தார்கள். ஜெபத்துக்கு வந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள், வைத்துக்கொண்டதற்காக வெட்கப்பட்டார்கள். பக்கத்துச் சவச்சாலையில் கேட்டுப் பார்த்தார்கள். இந்த நிலைக்கு வந்த உடலில் மருந்து நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். வட்டாரச் சுகாதார அதிகாரி வந்து, வாசலிலேயே நின்று, நாளைக்குள் அடக்கம் செய்துவிடுங்கள் என்று உர்சிங்கின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வீட்டுத் தச்சர், யாருடைய சமையலறை அலமாரிக்காகவோ வாங்கி வைத்திருந்த பிளைவுட் பலகையில் பெட்டி செய்தார். உள்ளே விரிக்க உர்சிங் தன் கல்யாணப் படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். மூடியைத் திறந்து வைக்க வழியில்லை. ஆணியடித்தே கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் ஜோமார் தோஹா விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தான். அங்கிருந்து தங்கைக்கு ஒரு செய்தி அனுப்பினான். அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிடச் சொல்லு, வளர்ந்திருந்தால் அவருக்குப் பிடிக்காது.

அவன் ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் கல்லறைக்குப் போனான். அங்கிருந்து பையோடு நேராக நித்திய நிழலுக்கு வந்தான். வாசலில் நின்ற இயந்திரம், நீங்கள் புதிய வாடிக்கையாளரா என்று கேட்டது. அதைச் சுற்றிக்கொண்டு மாடியேறி, எஸ்தெலாவின் மேசை முன்னால் நின்றான். கறுத்த, உயரமான ஆள். கண்ணில் தூக்கமே இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "யார்கிட்ட சண்டை போடணும்னு மட்டும் சொல்லுங்க, மேடம். வர்ற வழியெல்லாம் அதைத்தான் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன்."

எஸ்தெலா யோசித்துப் பார்த்தாள். சட்டப் பிரிவு போட்ட விதி நியாயமானது. நன்மதிப்புப் பிரிவு போட்டதும் நியாயமானது. ரைனியர் எதையும் சொல்லவில்லை, வியோலெத்தா மேடம் எதையும் மறுக்கவில்லை. பாப்லிங் வண்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். ஃப்ளோர்தெலிசா அழுதாள். ஒரு பெயரும் அகப்படாமல் அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். விதிகளின் பக்கத்தில், உரிமையாளர் என்ற இடத்தில், எல்லாவற்றுக்கும் நேராக ஒரே பெயர்தான் இருந்தது.

அவன் வாசித்தான். "எஸ்தெலா மொந்தெக்ளாரோ. யாரு இவங்க?"

"நான்தான்."

அவன் அவளையே பார்த்தான். "பனிக்கட்டி கொண்டாந்து குடுத்தது?"

"அதுவும் நான்தான்."

அவன் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்ததை இறக்கி வைக்க இடமில்லாமல், பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். அவன் கத்தியிருக்கலாம் என்று எஸ்தெலா வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் விதிக்குழு கூடியது. எஸ்தெலாவின் விதி நல்ல நோக்கம் கொண்டது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எந்த விதியானாலும் அது பாதிக்கிற வாடிக்கையாளர்களின் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்றுவதில்லை என்று இன்னொரு விதி இருந்தது. காலமான வாடிக்கையாளர்களுக்குக் கருத்துக் கேட்பு அனுப்ப முயன்றார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடையே வரவேற்பு இல்லை என்று எழுதி விதியைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்கடுத்து ஊழியர்கள் எல்லோரையும் பெரிய கூடத்தில் கூட்டினார்கள். வியோலெத்தா மேடம் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். அது மேலிருந்து கீழே சரிந்து தரையில் படுத்துக்கொண்டது.

"செல்லம் வந்த பிறகு, நம்ம வாடிக்கையாளர் ஒருத்தர்கூட சாகல," என்றார் மேடம். குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷமா நாம அவங்களை எப்படி நடத்தினாலும் போய்க்கிட்டே இருந்தாங்க. இப்பத்தான் உறவுன்னா என்னன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. யாருக்கும் நம்மளை விட்டுப் போக மனசில்ல."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்தவர்களில் பலர் அந்த வாரம் போனில் அழுகையைக் கேட்டவர்கள். பக்கத்தில் இருக்கிறவர் எழுந்தால் தானும் எழுவது விதியில்லை, ஆனாலும் எழுந்தார்கள். சிறந்த விதி உரிமையாளர் என்று எஸ்தெலாவை மேடைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியில் செய்த ஒரு புறாவைக் கொடுத்தார்கள். அவள் நன்றி என்று சொன்னாள். வேறென்ன சொல்வது? அவளுக்குக் கல்லூரியில் படிக்கிற மகள் இருந்தாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று சில நாள் நினைத்தாள். விட்டுவிட்டால் அந்த நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்காருவாள், அவளுக்குத் துறைமுகத்தில் பனிக்கட்டி விற்கிறவர்களைத் தெரியாது. அப்படிச் சொல்லிக்கொண்டு தங்கிவிட்டாள். சாயங்காலங்களில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து விதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். இந்தச் சுவரில் எங்கேயாவது ஒரு பெட்டி வெளியே போகிற அளவுக்குச் சந்து இருக்க வேண்டும் என்று தேடினாள்.

இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்து அவளே பிறகு கூச்சப்பட்டாள்.

அன்று காலையில் லெகானெஸிலிருந்து ஒருவர் பேசினார். தயங்கித் தயங்கிப் பேசுகிற ஆள். அப்பாவுக்கு நித்திய நிழலில் திட்டம் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நினைவு இருக்கிறது, பேசுகிறார். இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா ரியாத்திலிருந்து வர வேண்டும். கடைசி நேரத்தில் அலைய வேண்டாமே என்று முன்கூட்டியே விசாரிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

எஸ்தெலாவின் முகம் மலர்ந்தது. நல்ல வேளை இப்போதே கூப்பிட்டீர்கள் என்று மனசாரச் சொன்னாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்பவே அப்பா பேர்ல கோரிக்கை போட்டுடறேன். அவரு போனுக்கு ஒரு எண் வரும், அதை எனக்குச் சொல்லுங்க. அப்புறம் ஒரு அம்மா பேசுவாங்க. ரொம்ப நல்லவங்க. ஏன் போகணும்னு நினைக்கிறீங்கன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட அப்பாவே தன் வாயால, நான் உறுதியா இருக்கேன்னு சொல்லணும். அமைதியா இருக்கேன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. அதுக்கப்புறம் மூணு நாள். மூணு நாள் கழிச்சு அவரு போனா வண்டி கண்டிப்பா வரும். அதுக்கு நான் பொறுப்பு." அவள் குரலைத் தாழ்த்தி, தம்பியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "அதுவரைக்கும் அவரால தாக்குப்பிடிக்க முடியுமா, தோதோ?"

மறுமுனையில் ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தமும், யாரோ கஷ்டப்பட்டு மூச்சு இழுக்கிற சத்தமும் கேட்டன.

"இருங்க, மேடம்," என்றார் அவர். "அவரையே கேட்டுச் சொல்றேன்."